எல்லாக் குப்பியிலும் சீனி

எனக்குக் காப்பியில் சீனி வேண்டாம், இன்ஸ்பெக்டர் அய்யா. டாக்டர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். வெறும் கடுங்காப்பி போதும், நாக்கு பழகிவிட்டது. நீங்கள் கேட்டது சுவக்கீன் விஷயம். சொல்கிறேன், ஆனால் குப்பியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் பேர் ஆசீர்வாதம். ஆனைக்கரைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கங்காணி. செடிக்கு மருந்தடிக்கிற ஆட்களின் செட்டு என்னுடையது. பூச்சிக்கு அடிக்கிறதும் எங்களுக்கு மருந்துதான், காய்ச்சலுக்குக் குடிக்கிறதும் மருந்துதான். அதனால் அந்தப் பேரைக் கேட்டு யாரும் பயப்படுவதில்லை. இந்தக் கோடையில் ஒரு மலையாளத்து டாக்டர் ஜீப்பில் வந்தார். மருந்தடிக்கிறவர்கள் உடம்பில் விஷம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று மூத்திரத்திலும் இரத்தத்திலும் பார்த்துச் சொல்லிவிடுவாராம். ஆட்களெல்லாம் மேட்டில் வேலையில் இருந்தார்கள். பேர் ஒட்டிய காலிக் குப்பிகளை என் கையில் கொடுத்து, மறுநாள் நிரப்பி வாங்கி வைக்கச் சொன்னார். விஷம் தெரிகிற ஆள் இனிப் பம்பைத் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல மனுஷன், விவரம் போதாது. செட்டு கலைந்தால் மேனேஜர் கம்பம் ஊரிலிருந்து வேறு செட்டை இறக்குவார். அந்தச் செட்டோடு ஒரு கங்காணியும் வருவான். பிறகு நான் விசில் ஊதினால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. அதுவும் போக, மருந்து கலக்குகிற குடும்பப் பெண்களிடம் போய்க் குப்பியை நீட்டுவது என்ன மரியாதை? அந்தப் பாரத்தை நானே சுமந்தேன். செட்டில் ஒரு ஆளைப் பார்த்தாலே எல்லாருக்கும் தெரிந்துவிடுமாம் என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்துவிட்டு, அத்தனை குப்பியையும் நான் ஒருவனே நிரப்பினேன். ஒரு பானை சீரகத்தண்ணீர் காய்ச்சி வைத்திருந்தேன், அதில் பாதிகூடத் தேவைப்படவில்லை. இப்படி ஒரு திறமை நமக்குள் இருந்திருக்கிறதே என்று எனக்கே ஆச்சரியம்.

மருந்தடிக்கும்போது நான் காற்றில் மருந்து பறந்து வராத பக்கம் நிற்கிறவன். ஆகவே விஷம் எதிலும் இல்லை. ஆனால் கூடவே வேறு சோதனையும் பண்ணியிருக்கிறார்கள். எல்லாக் குப்பியிலும் சீனி. மீசை முளைக்காத பையனுக்கும் சர்க்கரை வியாதி, அவன் அம்மாவுக்கும் சர்க்கரை வியாதி. மேனேஜர் அன்றைக்கே பத்து மணிக் காப்பிக்குக் கொடுக்கிற வெல்லத்தை நிறுத்தினார். செட்டு முழுக்க என்னைத் திட்டித் தீர்த்தது. பொறுத்துக்கொண்டேன்.

டாக்டருக்குச் சந்தேகம் தட்டி, இரத்தம் எடுக்க வந்தார். காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்கு மருந்து வாடையே கிடையாது. அவர்களை வரிசையில் நிறுத்தி, செட்டு ஆட்களின் பேருக்குக் கைநீட்டச் சொன்னேன். சுவக்கீன் பேருக்கு வந்தவன் காளிச்சாமி. ஊசி ஏறினதும் "முருகா" என்றான். வேதக்காரப் பேருக்கு முருகனா என்று டாக்டர் நிமிர்ந்தார். "மலையில எல்லா சாமியும் ஒண்ணுதான் சார்" என்றேன். அவரும் சிரித்துவிட்டார். முடிவு வந்தபோது விஷமும் இல்லை, சீனியும் இல்லை. வெல்லத்தை நிறுத்தியதற்கு இவ்வளவு பலனா என்று மனுஷனுக்கு ஒரே சந்தோஷம்.

என் மகன் இன்னாசிராஜும் அந்த ஸ்டோரில்தான் இருக்கிறான். முன்பு என் செட்டில் பம்பு தூக்கினவன். வாயில் எச்சில் ஊறுகிறது, கண் மங்குகிறது என்று ஒருநாள் சொன்னான். மறுநாளே ஸ்டோருக்கு மாற்றிவிட்டேன். பெற்ற மனசு கேட்குமா?

சுவக்கீன் என் தங்கை செபமாலையம்மாளின் மகன். செட்டில் அவனைப் போல வேலைக்காரன் கிடையாது. போன மாதம் என்னிடம் வந்தான்.

"மாமா, வாயில எச்சியா ஊறுது. கண்ணு மங்குது. ஒரு வாரம் ஸ்டோருல நிக்கட்டுமா?"

"ஏலே, மூத்திரத்துலயும் இல்ல, ரத்தத்துலயும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அவரவிட ஒனக்குத் தெரியுமாக்கும்?"

அவன் பம்பைத் தோளில் மாட்டினான். இரண்டு நாள் கழித்து அவன் பெண்டாட்டி கத்தரீனாள் வந்தாள். சோறு தங்கவில்லை, கை நடுங்குகிறது என்றாள். அவளுக்கும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "அப்ப சோம்பல்தான் போல, நானே அனுப்பி வைக்கேன் மாமா" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். சொன்னபடி அனுப்பியும் வைத்தாள். அன்று மத்தியானம் ஏலச்செடிகளுக்கு நடுவில் நுரை தள்ளிக் கிடந்தான்.

டாக்டர் ஓடிவந்தார், அதற்குள் உயிர் போயிருந்தது. முகத்தைப் பார்த்ததும், "இது சுவக்கீன் அல்லல்லோ" என்றார். சுவக்கீன் என்று அவர் இரத்தம் எடுத்தது காளிச்சாமியிடம் அல்லவா. கத்தரீனாள்தான், "இவுகதான் சார் சுவக்கீன்" என்று மறுபடி மறுபடி சொன்னாள். அந்த இடத்தில்தான் எல்லாம் வெளியே வந்தது.

இப்படி ஆகும் என்று முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். பொய் சொல்ல மாட்டேன் அய்யா, தெரியும். அந்த எச்சிலும் கண் மங்கலும் நான் வீட்டில் பார்த்ததுதானே.

ஆனால் அந்தச் சோதனை வீண் என்று மட்டும் எழுதாதீர்கள். குப்பியெல்லாம் என்னுடையது என்பது எனக்குத் தெரியுமே. சீனி என்று கேட்டதுமே குமுளி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டி மாத்திரை வாங்கினேன். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் ஆளே போயிருப்பீர் என்றார்கள். அதனால்தான் சொல்கிறேன், தோட்டத்தில் ஒரு உயிரையாவது அந்தச் சோதனை காப்பாற்றியிருக்கிறது.