கித்தேரி தட்டு

தோணிக்கு இன்ஜின் வராத காலம், பாய் மட்டுந்தான். அப்போ வெள்ளமணல்னு ஒரு கடக்கரை ஊரு. அந்த ஊர்ல கித்தேரின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருசன் பேரு லொஞ்சின், தோணிய நடத்துற தண்டல். தண்டல் வச்சதுதான் தோணியில சட்டம். வீட்லயும் அப்படித்தான்.

ஒரு கார்த்திகை மாசம் உப்பு ஏத்தி கொழும்புக்குப் புறப்பட்டு நிக்கு தோணி. வானம் சரியில்ல. கூடப் போற ஆளுக பொண்டாட்டிமார் எல்லாம் கரைக்கு வந்து, காத்து அடங்கட்டும், பொறவு போங்கன்னு கெஞ்சுனாகளாம். லொஞ்சின் கேக்கல. கித்தேரிக்கும் பயந்தான். ஆனா வாயத் தொறக்கல. தோணி போச்சு. போனது போனதுதான்.

பொறவு தோணி மட்டும் வந்து ஒதுங்குச்சாம். பாய்மரம் ஒடிஞ்சு, ஒருக்களிச்சு. ஆளு ஒருத்தர் இல்ல.

அதுலருந்து ஊர்ல கித்தேரிகிட்ட யாரும் முகங்குடுக்கல. அவ கொடம் எடுத்துட்டுப் போனா கிணத்தடி காலியாயிருமாம். பெரியவுக கூடி, ஆளத் தின்ன தோணி ஆகாது, தீய வையின்னாக. கித்தேரி போயி குறுக்க நின்னா.

"எரிக்காதீக. பொதைக்க ஒரு ஒடம்புகூட நமக்குக் கெடைக்கல. அவுக கால் கடைசியா நின்னது இதுலதான்."

தோணி கட்டுற ஓடாவி மிக்கேல் மனசு எறங்கி, மேல்தட்டுப் பலகைய ஒண்ணொண்ணா பேத்துக் குடுத்தாராம். துரு ஏறுன ஆணிய அவ பிடுங்குனா, கை கிழிய. உப்புப் போக நல்ல தண்ணி ஊத்தி ஊத்திக் கழுவி, நெழல்ல காயவச்சா. கடலப் பாத்து ஒரு குருசடி, சிலுவை நட்ட சின்னக் கோயிலு, அங்க அப்போ வெறும் மண்ணுதான் தரை. அதுல அந்தப் பலகைய ரெண்டு பேருமா எழைச்சுத் தளம் போட்டாக. போட்டும் என்ன? ஒருத்தி உள்ள வரல.

ஒரு நாள் சவுரினா வந்தா. அவ புருசன் தோணியில சோறாக்குற பண்டாரி. வாசல்ல நின்னு பாத்தா, ஒரு பலகை கருகிக் கெடக்கு. உள்ள வந்து ஒக்காந்து அதுல கைய வச்சா.

"மைனி, அவரு அடுப்பு வச்ச எடம்லா இது?"

ஆமான்னா கித்தேரி.

"அன்னைக்கு நாங்க அம்புட்டுப் பேரும் கெஞ்சுனோம். நீ மட்டும் ஏன் பேசாம நின்ன?"

"பயந்தேன். கடலுக்கு இல்ல, அவருக்கு."

சவுரினா ஆறுதல் சொல்லல. எந்திரிச்சும் போகல. வெளக்கு வைக்கிற வரைக்கும் அங்கனயே இருந்தாளாம். மறுநாளு மத்தவளுகளும் வந்தாளுக.

அடுத்த கார்த்திகை. தொம்மைன்னு வேற தண்டல். வானம் கறுத்திருக்கு, அவன் புறப்பட்டு கும்பிட குருசடிக்குள்ள வாறான். கித்தேரி எந்திரிச்சா.

"எது மேல நிக்கேன்னு பாரு. ஒங்கூட வாறவன் பொண்டாட்டிமார் இங்கதான் இருக்காக. கேட்டுட்டுப் போ."

தொம்மை குனிஞ்சு பாத்தான். பாத்துட்டுக் கேட்டான். ஒருத்தி வேண்டாம்னு தலையாட்டுனா. தோணி போகல. அன்னைக்குப் புயல் அடிச்சுச்சான்னா, அதெல்லாம் இல்லையாம், வெறுந்தூத்தல்தானாம். தொம்மைக்கு ஆத்திரம் அடங்கல. ஆனா ஆளுக அம்புட்டுப் பேரும் ராத்திரி அவுகவுக வீட்ல கஞ்சி குடிச்சாக.

அந்தத் தளத்துக்குப் பேரு கித்தேரி தட்டு. இன்னைக்கும் வெள்ளமணல்ல தண்டல் வெறுங்காலோட அதுல நின்னு பொம்பளைககிட்ட கேக்கணும். ஒருத்தி வேண்டாம்னாலும் போதும். தண்டல்மார் மொணங்குவாக, கோவிப்பாக. நங்கூரத்த மட்டும் தூக்க மாட்டாக.