இரண்டாம் முறை கேட்கவும்

பெண்கள் அறுவைச் சிகிச்சை வார்டின் செவிலியரை விசாரித்ததில் அவர் கூறியது:

என் பெயரையும் விலாசத்தையும் தனித் தாளில் எழுதி ஒப்படைத்திருக்கிறேன். இறந்துபோன பெண்ணின் பெயர் இதில் வர வேண்டாம் என்று விசாரணை அதிகாரி கூறியதால் மற்றவர்கள் பெயரையும் விட்டுவிட்டுச் சொல்கிறேன். என் வயது நாற்பத்தொன்று. மேற்படி விலாசத்தில் கணவருடனும் மகளுடனும் குடியிருந்து வருகிறேன். கணவர் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை செய்கிறார். நாங்கள் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள். பெரிய மருத்துவமனையின் பெண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில் செவிலியராகப் பணிபுரிந்து வருகிறேன். அந்த வார்டில் எங்கள் மொழி தெரிந்தவள் நான் ஒருத்திதான். எங்கள் மொழிக்காரர் யார் வந்து படுத்தாலும், எனக்கு விடுமுறையாக இருந்தாலும், என் போன்தான் அடிக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதால் சொல்கிறேன்.

வார்டுக்குப் பொறுப்பாக இருப்பவர் தலைமைச் செவிலியர். அவரைப் பெரிய சிஸ்டர் என்று கூப்பிடுவோம். அவர் இந்த ஊர்க்காரர். கண்டிப்பானவர், ஆனால் குனிய முடியாத நோயாளிக்குக் கால் நகத்தைக்கூடத் தன் கையால் வெட்டிவிடுவார். அவர்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. எங்கள் மொழியில் அவருக்கு ஏழெட்டு வார்த்தை தெரியும். எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தவை. வலி, தண்ணீர், சரி, வேண்டாம், இப்படி.

சென்ற ஆண்டு வெளியூர் நோயாளி ஒருவர் தன்னை யாரும் மரியாதையாக நடத்தவில்லை என்று புகார் கொடுத்தார். அதன் பிறகு நிர்வாகம் எங்கள் எல்லோருக்கும் பண்பாட்டுப் புரிதல் வகுப்பு என்று ஒன்று நடத்தியது. அதை நடத்திய பயிற்சியாளர் அம்மா எங்களை வட்டமாக நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அதன் பிறகு ஒவ்வொருவரிடமும், உங்கள் மக்களைப் பற்றி நாங்கள் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தி பதில் சொல்ல வேண்டியிருந்தது. என் வீட்டில் இருக்கும் மூன்று பேருக்கே மூன்று கருத்து. என் முறை வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. எல்லோருக்கும் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று எண்ணினேன்.

"எங்க ஆளுங்களுக்கு டீ குடுத்தா முதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. நம்பிடாதீங்க. ரெண்டாவது தடவை கேளுங்க. அப்பவும் வேண்டாம்னா பிஸ்கட்டையும் சேர்த்துக் கேளுங்க" என்று சொன்னேன். இந்த ஊர் மொழியில்தான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு அவர், உங்கள் வீடுகளில் முடிவு எடுப்பது யார் என்று கேட்டார். "எங்க வீட்டுல எல்லா முடிவும் அவர்தான் எடுப்பார். என்ன முடிவுன்னு நான் சொல்லிக் குடுப்பேன்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். பயிற்சியாளர் அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார்.

அதன் பிறகு சில வாரம் கழித்துப் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டைகள் வந்தன. ஒவ்வொரு மொழிக்காரருக்கும் ஓர் அட்டை. செவிலியர் அறையில் கை கழுவும் குழாய்க்கு மேலே மாட்டினார்கள். எங்கள் அட்டையில் இருந்த இரண்டு வரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'முதல் முறை மறுப்பது மரியாதைக்காக. இரண்டாம் முறை கேட்கவும்.' 'பெண்ணின் சிகிச்சை குறித்த முடிவில் கணவரைச் சேர்த்துக்கொள்ளவும்.' டீயைக் காணோம், பிஸ்கட்டையும் காணோம். இதை என் கணவரிடம் சொன்னபோது, "எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா, நம்ம வீட்டு ஹால்ல மாட்டலாம்" என்றார். நானும் சிரித்தேன். அட்டையை எடுக்கச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவில்லை.

அந்த அட்டையால் நல்லதும் நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அறுவைச் சிகிச்சை முடிந்த எங்கள் மொழிக்கார அம்மா ஒருவர் வலிக்கு ஊசி வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். பெரிய சிஸ்டர் இரண்டாம் முறை போய்க் கேட்டார். அந்த அம்மா சரி என்றார். ஊசி போட்ட பிறகு குறட்டை விட்டுத் தூங்கினார். பெரிய சிஸ்டருக்கு அது பெரிய சந்தோஷம். அன்றிலிருந்து அட்டையில் இருந்ததை மனப்பாடமாக வைத்திருந்தார்.

சம்பவத்துக்கு முந்தின நாள் மாலை மேற்படி பெண் வார்டில் சேர்ந்தாள். வயது இருபத்தெட்டு. பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை செய்தவள். அடிவயிற்று வலியும் காய்ச்சலும் என்று கூட வேலை செய்யும் தோழி கொண்டுவந்து சேர்த்தாள். மருத்துவர் பார்த்துவிட்டு, குடல்வால் வீங்கியிருக்கிறது, காலையில் முதல் ஆளாக எடுத்துவிடலாம் என்றார். நான் எங்கள் மொழியில் விளக்கிச் சொன்னேன். அவள் சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். மணிக்கட்டுப் பட்டையில் அவள் பெயரை எழுதிக் கட்டிவிட்டதும் நான்தான்.

அதன் பிறகு ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டிருந்தபோது அவள் என் சீருடையைப் பார்த்தாள். "அக்கா, உங்க சட்டைல தோள் ஒரு விரல் இறங்கியிருக்கு. நல்லாகி வந்ததும் பிடிச்சுத் தரேன்" என்றாள். இத்தனை வருடம் அந்தச் சட்டை ஏன் அரித்துக்கொண்டே இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதன் பிறகு யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். தோழியின் எண்ணைக் கொடுத்தாள். கணவரை விட்டுப் பிரிந்து வந்து வருடம் ஆகப்போகிறது என்றும், தான் இருக்கும் இடம் அவருக்குத் தெரியாது என்றும் சொன்னாள். "வீட்டுக்காரருக்கு மட்டும் சொல்லிடாதீங்க அக்கா. தேடிக்கிட்டிருக்கார். இது மத்தவங்களுக்கும் தெரிய வேண்டாம், கேவலமா இருக்கு" என்றாள்.

நான் தோழியின் எண்ணை மட்டும் பதிந்தேன். வேலை கைமாற்றும்போது பிரிந்து வந்த விஷயத்தைச் சொல்லவில்லை. கைமாற்றும் இடத்தில் ஆறு பேர் நிற்பார்கள். அவள் கேட்டுக்கொண்டபடி வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் எனக்கு மதியத்திலிருந்துதான் வேலை.

மறுநாள் காலை நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. பெரிய சிஸ்டர் பிற்பாடு எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன். அவர் தன் வாக்குமூலத்திலும் இதையே சொல்லியிருப்பதாக அறிகிறேன். காலையில் வந்து பார்த்தபோது, பெண்ணின் கையெழுத்து மட்டும் இருப்பதையும் குடும்பத்தார் யாரும் வராததையும் கவனித்திருக்கிறார். எங்கள் மக்கள் மனம் நோகக்கூடாது என்று எண்ணிக் கணவரைக் கூப்பிடலாமா என்று இந்த ஊர் மொழியிலும் சைகையிலுமாக அவளிடம் கேட்டிருக்கிறார். அவள் வேண்டாம் என்றிருக்கிறாள். அந்த வார்த்தை பெரிய சிஸ்டருக்கு நன்றாகவே தெரியும். அதன் பிறகு முதுகைத் தட்டிக் கொடுத்து மறுபடியும் கேட்டிருக்கிறார். என்னை எழுப்ப வேண்டாம் என்று போன் செய்யவில்லையாம். தொந்தரவு செய்யக்கூடாது என்று அவர் எண்ணியது அந்த ஒரு நாள்தான்.

அவர் என்னிடம் சொன்ன வார்த்தையை எங்கள் மொழியில் சொன்னால் இப்படி வரும்: "மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் வேண்டாம்னா. நாலாவது தடவை பேசாம இருந்தா. நான் அதை சரின்னு எடுத்துக்கிட்டேன்."

அதன் பிறகு பெரிய சிஸ்டர் பழைய கோப்பை வரவழைத்திருக்கிறார். அதற்கு முன்பு ஒருமுறை மேற்படி பெண் கை எலும்பு முறிந்து இதே மருத்துவமனைக்கு வந்திருக்கிறாள். அந்தக் கோப்பில் கணவரின் எண் இருந்தது. கூப்பிட்டதும் வந்துவிட்டார். அவர் வரட்டும் என்று அறுவைக் கூடத்தில் அவளுடைய முறையை வேறு நோயாளிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். கணவர் வந்ததும் பெரிய சிஸ்டர் நாற்காலி போட்டு, திரையை இழுத்துவிட்டு, குடும்பமாகப் பேசிக்கொள்ளட்டும் என்று வெளியே வந்திருக்கிறார். திரைக்குள்ளிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லையாம். அதன் பிறகு கணவர், வேறு மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார். மருத்துவர் போகக்கூடாது என்று எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. அவளும் தலையைக் குனிந்தபடி கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

நான் வேலைக்கு வந்து, வார்டு இருக்கும் மாடியில் லிஃப்டை விட்டு இறங்கியபோது இருவரும் எதிரே நின்றார்கள். கணவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இஸ்திரி போட்ட சட்டை. ஒரு கையில் ஆரஞ்சுப் பழப் பை. மறு கை அவள் முழங்கையைப் பிடித்திருந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் வளைந்து நின்றாள். நெற்றியில் வியர்வை. கணவர் என்னைப் பார்த்து எங்கள் மொழியிலேயே, "நம்ம ஊர்க்காரங்களா சிஸ்டர்? ரொம்ப நல்லா கவனிச்சுக்கிட்டாங்க. தனியா பேச இடமெல்லாம் குடுத்தாங்க. நமக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்கு, அங்க பாத்துக்கறோம்" என்றார்.

நான் அவளைப் பார்த்து, "என்னம்மா, போறியா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. போயிட்டு வரேன்" என்றாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோள்பட்டையைப் பார்த்தாள். அதன் பிறகு இருவரும் லிஃப்டுக்குள் போனார்கள். கதவு மூடியது.

அதன் பிறகு நான் வார்டுக்குள் போனேன். அவள் கட்டிலில் புது விரிப்புப் போட்டாகிவிட்டது. பெரிய சிஸ்டரிடம் அவள் பிரிந்து வந்தவள் என்பதைச் சொன்னேன். அவர் செருப்பு கழன்று விழ மாடிப்படியில் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். வாசலில் யாரும் இல்லை. கணவரின் போன் அணைக்கப்பட்டிருந்தது. பெரிய சிஸ்டர் அப்போதே காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். பழைய கோப்பில் இருந்த விலாசத்தில் வேறு யாரோ குடியிருந்தார்கள். மூன்றாம் நாள் கணவரே அவளை ஒரு வாடகை வண்டியில் எங்கள் மருத்துவமனை வாசலில் கொண்டுவந்து இறக்கினார். அதற்கு முன்பே உயிர் போய்விட்டது. குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்ததாக மருத்துவர் சொன்னார். எந்த மருத்துவமனைக்கும் அவளைக் கூட்டிப் போகவில்லை என்பதைப் பிற்பாடு காவல்துறை மூலம் தெரிந்துகொண்டேன்.

உடலை அடையாளம் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். நான் கட்டிய பட்டை அப்படியே மணிக்கட்டில் இருந்தது. விரல் நுனிகளில் தையல் ஊசி குத்திய புள்ளிகள் இருந்தன. எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. வீட்டில் சமைக்கிறேன், மகளுக்குத் தலை பின்னிவிடுகிறேன், எல்லாம் கை பாட்டுக்கு நடக்கிறது. அதே சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறேன். இப்போதும் அரிக்கிறது.

அட்டையைப் பெரிய சிஸ்டர் தானே கழற்றினார். அந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. அவர் இப்போது விடுப்பில் இருக்கிறார். நிர்வாகம் மறுபடியும் ஒரு புரிதல் வகுப்பு நடத்தப்போகிறது. அதில் எங்கள் மக்கள் சார்பாகப் பேச என்னையே போட்டிருக்கிறார்கள்.

மனைவி தன் விருப்பத்தோடுதான் வந்தாள், அதற்கு மருத்துவமனை செவிலியரே சாட்சி என்று கணவர் கூறியிருப்பதாக அதிகாரி சொன்னார். அது உண்மையா என்று என்னிடம் கேட்டார். போறியா என்று நான் கேட்டதும் உண்மை, ஆமாக்கா என்று அவள் சொன்னதும் உண்மை. கேட்ட நேரத்தில் அவள் முழங்கை அவர் கையில் இருந்தது என்பதும் உண்மை.

இதுவரை சொன்னதை எழுத்தர் எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். சேர்க்கவோ மாற்றவோ ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் பேனாவை மூடாமல் இரண்டாம் முறையும் கேட்டார். லிஃப்ட் வாசலில் அவளை நான் ஒரு முறைதான் கேட்டேன் என்பதைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். சேர்க்கப்பட்டது. இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் நான் சொன்னது, நடந்தது.

ஒப்பம்,
செவிலியர்