ஷட்டர் திறந்திருந்தபோது

இரவு ஒன்றரை மணி இருக்கும். புறவழிச் சாலை வந்த பிறகு யாரும் போகாமல் விட்டுவிட்ட பழைய சாலை அது. தார் பிளந்து புல் முளைத்திருக்கும். விளக்குக் கம்பங்கள் உண்டு… விளக்குகள் கிடையாது. அதன் ஓரத்தில் எரிந்துபோன ஒரு பேருந்து.

இங்கே நம் அச்சகத்தில் இயந்திரம் சரியாகி மறுபடி ஓட இன்னும் நேரமாகும் என்கிறார்கள். அதுவரை சொல்கிறேன். கிட்டே வந்து உட்காருங்கள். இது என் நண்பனின் அக்காவுக்கு நடந்தது. அவள் இதை ஒரே ஒரு முறைதான் சொன்னாள். மறுபடி கேட்டால் எழுந்து போய்விடுகிறாள்.

அக்காவின் கணவர் போட்டோகிராபர். குடும்பத்தில் அவருக்கு 'ஃப்ளாஷ்' என்று பெயர், முதுகுக்குப் பின்னால். நிஜ ஃப்ளாஷாவது அடிப்பதற்கு முன்னால் மெல்லிசாக ஒரு 'ங்ஙீ' சத்தம் போட்டு எச்சரிக்கும், எங்க அத்தான் கோபத்துக்கு அதுவும் கிடையாது என்று நண்பன் சிரிப்பான். அக்கா சிரிக்கமாட்டாள்.

பகலில் கல்யாணம், பாஸ்போர்ட் படம். இரவில் அவருக்கு வேறு பித்து. கும்மிருட்டில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஷட்டரைத் திறந்தே வைத்துவிடுவார். ஒருவர் டார்ச்சோடு போய், சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி, மரத்தின் மேலும் வீட்டின் மேலும் வெளிச்சத்தைப் பூசவேண்டும். பூசிய இடம் படத்தில் விழும். பூசியவர் விழமாட்டார். அவர் கறுப்பு உடுப்பில் இருக்கவேண்டும், நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும், டார்ச்சைக் கேமரா பக்கம் திருப்பக்கூடாது. அந்த ஒருவர் எப்போதும் அக்காதான்.

"அவர் எடுத்த அத்தனை படத்துலயும் நடந்திருக்கேன்டா. ஒண்ணுலயாவது என்னைக் காட்டு பார்ப்போம்" என்பாள் தம்பியிடம்.

அந்தப் பேருந்து ஒரு தொழிற்சாலையின் ஷிப்ட் பேருந்து. ஓடும்போதே தீப்பிடித்தது. கதவு திறக்கவில்லை. உள்ளே இருந்து கண்ணாடியைத் தட்டினார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நிர்வாகம் ஓர் இரங்கல் அறிக்கை விட்டது. பேருந்தை ஓரமாக இழுத்துப் போட்டது. அதோடு சரி. ஒருவர்மேலும் வழக்கில்லை.

ஃப்ளாஷ் அங்கே போனது, அந்தப் பேருந்து மறுபடி எரிவது போலப் படம் எடுக்க. டார்ச்சில் ஆரஞ்சு நிறக் கண்ணாடித் தாளைச் சுற்றி அக்கா கையில் கொடுத்தார். உள்ளே போய் ஒவ்வோர் இருக்கையாகத் தீ ஏறுவது போல ஆட்டவேண்டும். ஏதோ போட்டிக்கு அனுப்பப் போகிறாராம்.

வேண்டாம் என்று அக்கா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். செத்தவர்கள் வீட்டில் யாராவது அதைப் பார்த்தால் வயிறு எரியாதா என்று கேட்டாள்.

"செத்தவங்க யாரும் என்கிட்ட சண்டைக்கு வரல. நீதான் வர்ற. ஏறு."

ஏறினாள். உள்ளே பழைய புகை வாடை. மிதித்த இடமெல்லாம் ஏதோ நொறுங்கியது. இருக்கைகளில் வெறும் கம்பிதான் மிச்சம், சில சன்னல்களில் மட்டும் கண்ணாடி. அவள் டார்ச்சை ஆட்ட ஆட்ட, அவர் வெளியே நின்று கத்தினார். வேகம் போதாது. கை உயரவில்லை. மாடு மேய்க்கக்கூட லாயக்கில்லை. அவள் அப்பன் வீட்டில் என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள்… எல்லாம் வந்தது. பிறகு, குரலைத் தாழ்த்தி, வேலை சொல்கிற குரலில் ஒன்று சொன்னார்.

"கண்ணாடியைத் தட்டு. வெளிய வர முடியாதவ மாதிரி கையை வச்சுத் தட்டு."

அக்கா டார்ச்சை அணைத்தாள்.

இறங்கினாள். புல்மேல் நடந்து, சாலையைச் சுற்றிக்கொண்டு போய்த் தூரத்தில் நின்ற காரில் உட்கார்ந்து கதவைச் சத்தமில்லாமல் மூடினாள். கறுப்பு உடுப்பு. டார்ச் எரியவில்லை. அவர் கண்ணுக்கு அவள் போனது தெரிய வாய்ப்பே இல்லை. அவர் போட்ட விதி அப்படி. இனி இந்த ஆளோடு ஓர் இரவும் வரமாட்டேன், இவர் வாயைத் திறந்தால் பதிலுக்கு என் வாயும் திறக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷட்டர் திறந்தே இருந்தது. அவர் கத்திக்கொண்டே இருந்தார்.

அப்போது பேருந்துக்குள் வெளிச்சம் வந்தது.

ஆரஞ்சு. பின் இருக்கையில் ஆரம்பித்து, மெதுவாக முன்னால்… அக்கா தன் மடியைப் பார்த்தாள். டார்ச் மடியில் இருந்தது. அணைந்து, தாள் சுற்றியபடி.

"அப்படித்தான்" என்றார் அவர். "இப்பதான் உனக்கு வேலை வருது. ஆகா… அப்படியே போ."

அவள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மாதிரி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதை வேறு யாருக்கோ சொல்கிறார். பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது என்றாள். காது அடைக்கிற கோபம்.

டொக். டொக். கண்ணாடியில் சத்தம். ஒரே ஒரு கை தட்டுகிற சத்தம் இல்லை அது. அப்புறம் வாடை வந்தது. பழைய புகை இல்லை… ரப்பரும் முடியும் அப்போதுதான் எரிகிற வாடை.

போதும், அணை என்றார் அவர். வெளிச்சம் அணையவில்லை. அணைக்கச் சொன்னேன்ல என்றார். அது சன்னலுக்கு வந்து நின்றது. நேராகக் கேமராவைப் பார்த்து.

அவருக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. படமே போச்சு என்று கத்திக்கொண்டு, ஷட்டர் திறந்திருக்கிற தன் கேமராவுக்கு முன்னாலேயே நடந்தார். அக்கா ஒரு தடவை அப்படி நடந்ததற்கு வீடு வரைக்கும் வைதவர் அவர்.

ஏன் கூப்பிடவில்லை என்று இப்போது நீங்கள் கேட்கிற மாதிரிதான் நண்பனும் கேட்டான். 'ஏங்க, நான் இங்க இருக்கேன்'. அவ்வளவுதான் சொல்லவேண்டியது. வாய் வரை வந்தது, கோபம் விடவில்லை என்றாள். போகட்டும், போய்ப் பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாளாம்.

அவர் படியேறும் சத்தம் கேட்டது. உள்ளே நின்று திட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு வார்த்தையின் பாதியில்…

பளீரென்று ஒரு வெள்ளை வெளிச்சம். எல்லாச் சன்னல்களிலும் ஒரே சமயத்தில். அப்புறம் இருட்டு. தவளைச் சத்தம்கூட இல்லை.

ஃப்ளாஷ் விளக்கு அவள் காலடியில், பைக்குள், பேட்டரி கழற்றியபடி கிடந்தது.

அக்கா கத்திக்கொண்டு ஓடினாள். அவர் பேருந்தின் படியில் உட்கார்ந்திருந்தார். காயம் இல்லை, கரி இல்லை. எழுந்திருங்க என்றாள், எழுந்தார். காரில் ஏறுங்க என்றாள், ஏறினார். ஷட்டரை அவளே மூடி, ஸ்டாண்டை மடக்கி, காரையும் அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து அவர் குரல் உயர்ந்ததே இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிறார். அவருடைய மாமியார் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். முன்னாடியே அந்தப் பேருந்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்க்கா என்று நண்பன்கூடச் சொன்னானாம். அக்கா அவனை அறைந்துவிட்டாள்.

அவரை விட்டுவிட்டுப் போவதா வேண்டாமா என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒருநாள் மாலை, அவர் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அக்கா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் முதல்முறையாகத் திறந்தாள்.

பேருந்து எரிந்துகொண்டிருந்தது. இருக்கைகள் எல்லாவற்றிலும் ஆட்கள். அத்தனை பேரும் கேமராவைப் பார்த்து, வாய் மூடி, அமைதியாக. சட்டைப் பொத்தான் வரை தெளிவு. அவ்வளவு நேரம் ஷட்டர் திறந்திருந்தால், மூச்சு விடுகிற எவரும் அப்படித் தெளிவாக விழமுடியாது. அக்காவுக்குத் தெரியும், அது அவள் தொழில். நடுவில், நடைவழியில், அவள் கணவர். அவரும் அதே தெளிவு. கழுத்து நரம்பு புடைக்க, வாய் பிளந்து…

அவள் பின்னால் கதவு திறக்கவில்லை. கூடத்தில் துணி உதறுகிற சத்தம்கூட நிற்கவில்லை. அங்கிருந்தே, மெதுவாக, மரியாதையாக, அவர் கேட்டார்:

"அவன் ஒருத்தன் மட்டும் இன்னும் கத்திட்டே இருக்கானா, அம்மா?"