குண்டுக்கும் கைதட்டல்

மூதூர்ப் படகுக்குப் போகுமுன் பைகளைச் சோதிக்கும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பாலர் பாடசாலை ஆசிரியையும், அவரிடம் படிக்கும் பிள்ளையின் தாயும். கப்பல்களுக்குக் குண்டு வைக்கச் சுழியோடிகள் நீருக்கடியில் துறைமுகத்துக்குள் வராமலிருக்க நேவி இடைக்கிடை தண்ணீரில் குண்டு போடும். ஊருக்கே பழகிய சத்தம் அது.

"நேற்று நேவியின்ர குண்டுக்கு எங்கட பிள்ளையள் கை தட்டிப்போட்டினம்," என்றார் ஆசிரியை.

"என்ன கதை ரீச்சர் இது?"

"கலைவிழாப் பாட்டுப் பழகினனாங்கள். உங்கட மகள் பால்மாத் தகரப் பேணியில தாளம் போட்டவ. மற்றப் பிள்ளையள் கதைக்காமல் கேட்டு, முடிஞ்சாப்போல கை தட்ட வேணும். அப்பிடித்தான் பழக்கினனான். நடுவில 'டும்' எண்டு கேட்டுது. ஒரு பிள்ளையும் வாய் திறக்கேல்லை. சத்தம் அடங்கினாப்போல எல்லாரும் தட்டிச்சினம்."

தாய் சிரிக்கவில்லை. "பயம் விட்டுப்போச்சுதெண்டால், நாளைக்கு ஷெல் அடிக்கேக்க பிள்ளையள் என்ன செய்யும்? என்ர மகளுக்குப் பாட்டு வேண்டாம் ரீச்சர்."

"பயம் எங்க விட்டது? மேசைக்குக் கீழ இருந்துதான் தட்டினவை."

வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

"உங்கட மகள் பேணியையும் கொண்டுதான் கீழ போனவ. கை தட்டி முடிய, விட்ட இடத்தில இருந்து தாளத்தைத் தொடங்கினவ."

தாய் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "அப்ப கலைவிழா?"

"நடக்கும். சனம் இருக்க இடம் போதாதுதான். எண்டாலும் மேசையளை வெளியில எடுக்கமாட்டன்."