அரைச் சுற்று பாக்கி

மணி ஆறே முக்கால். கடலாடியிலிருந்து வாலிநோக்கம் போகிற மண்சாலை. இரண்டு பக்கமும் உடைமுள். ஒரு ஆள் இல்லை, ஒரு நாய் இல்லை. சைக்கிளில் ஒரே ஒருவன் போய்க்கொண்டிருக்கிறான். கேரியரில் ஒரு மரப்பெட்டி, அதன் மேல் கயிறு போட்டுக் கட்டிய கார் பாட்டரி...

நடுவில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, சொல்லிவிட்டேன். ஏலே, அந்த அரிக்கேனை இழுக்காதே, அங்கனயே இருக்கட்டும். இது நம்ம அலியாரின் மச்சான் சதக்கத்துல்லாவுக்கு நடந்தது. ஐம்பத்தேழாம் வருஷம், புரட்டாசி மாதம். நம்பாதவன் அலியாரைக் கேட்டுப் பார்க்கலாம். அவன் பதில் சொல்ல மாட்டான், எழுந்து போய்விடுவான்.

சதக்கத்துல்லாவுக்குத் தொழில் சங்கு வியாபாரம். பைத்தியம் வேறொன்றில். ராஜாக்களும் ஜமீன்தார்களும் வீட்டு விசேஷங்களைக் கைக்கேமராவில் படம் பிடித்து வைத்திருந்தார்கள் அல்லவா? கல்யாணம், காதுகுத்து, வேட்டை, விஜயதசமிக்கு அம்பு போடுவது... சத்தம் கிடையாது, வெறும் அசைவுதான். ஜமீன் ஒழிந்த பிறகு அந்தச் சுருள்களெல்லாம் பரணில் கிடந்து மக்கின. இவன் வீடு வீடாகப் போய்ப் பொறுக்கினான். பொறுக்கியதோடு விட மாட்டான். கைப்பிடி சுற்றுகிற சின்னப் படமெஷினைத் தூக்கிக்கொண்டு அந்தந்த ஊருக்கே போவான். ஒரு வேட்டியை இழுத்துக் கட்டிப் படம் காட்டுவான். இது யார், அது யார் என்று கேட்டு, டப்பாவின் மேல் எழுதி ஒட்டுவான். "ராஜா பேரு ஊருக்கே தெரியும், குடை புடிச்சவன் பேரு யாருக்குத் தெரியும்?" என்பான். தங்கமான மனுஷன். அந்தக் குணம்தான் வினையாகிவிட்டது.

செவ்வூரணி ஜமீனில் சின்னவருக்குப் பட்டம் கட்டிய படம் மொத்தம் மூன்று சுருள். இரண்டு இவனிடம் இருந்தன. மூன்றாவது அன்றைக்கு மத்தியானம்தான் கடலாடியில் கிடைத்தது. படம் பிடித்தவர் செத்துப்போயிருந்தார். அவர் பெண்டாட்டி அடுப்பங்கரைப் பானைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒன்று சொன்னாள்.

"ஓட்டி முடிச்சதும் வெளக்க அணைச்சிட்டுத் திருப்பிச் சுத்துங்க தம்பி. வெளக்கு எரியயில பின்னால சுத்திராதீக."

பல்பு வீணாகிவிடும் என்பதற்காகச் சொல்கிறாள் என்று இவன் நினைத்துக்கொண்டான்.

சுருளைக் கொஞ்சம் உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தான். ஓர் ஆள் கிடாயின் கயிற்றைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் எட்டிப் பார்த்த வண்டிக்காரன், "இது வாலிநோக்கத்துக் கூத்தையால்ல?" என்றான். "பட்டங்கட்டுன மறுநாளே சிலோனுக்கு ஓடிட்டான்னு அரமனையில சொன்னாக. பொண்டாட்டி கருத்தம்மா உப்பளத்துல கெடந்து இன்னமும் காத்துக்கிட்டுத்தேன் இருக்கா, பாவி மக."

போதாதா இவனுக்கு? பன்னிரண்டு வருஷமாகப் புருஷன் முகத்தைப் பார்க்காதவள்... முழுச் சுருளையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போவோம் என்று தோன்றவே இல்லை. சைக்கிளை எடுத்து மிதித்துவிட்டான்.

கருத்தம்மாளின் குடிசை உப்பளத்துக் கரையில் தனியாக இருந்தது. கழுத்தில் தாலி, நெற்றியில் பெரிய பொட்டு. மூலையில் இரண்டு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

"ரெண்டு தட்டு எதுக்குக்கா?"

"அவுக எந்நேரம் வந்தாலும் வரலாம்ல தம்பி."

படத்தில் அவன் இருக்கிறான் என்று சொன்னதும் அவள் தண்ணீர்ப் பானையிடம் ஓடினாள். முகத்தைக் கழுவி, தலையை வாரி முடிந்துகொண்டுதான் வந்து உட்கார்ந்தாள். நேரில் பார்க்கப் போகிறவளைப் போல.

விளக்கைப் போட்டான். டக டக டக டக...

குதிரை. குடை. தலைப்பாகையோடு சின்னவர். பட்டம் கட்டியவர் எல்லைச்சாமி முன்னால் ஒரே வெட்டில் கிடாயைச் சாய்க்க வேண்டும். அது அந்த ஜமீனின் வழக்கம். இரண்டாம் வெட்டு விழுந்தால் கேவலம். கூத்தையா கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஆத்தீ... அவுகதேன்! எளைச்சே போகல பாருங்க தம்பி!"

சின்னவர் நன்றாகக் குடித்திருந்தார். கால் தரையில் நிற்கவில்லை. வாளை ஓங்கினார். வெட்டு கிடாயின் முதுகில் விழுந்தது. கிடா துள்ளியது. கூத்தையா சிரித்துவிட்டான். சும்மா, வெள்ளந்தியாக ஒரு சிரிப்பு.

சின்னவர் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த வெட்டு கிடாவுக்கு விழவில்லை. கூத்தையாவின் கழுத்தில் விழுந்தது. தலை மண்ணில் உருண்டு, வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. தலையில்லாத உடம்பு கயிற்றை விடாமல் இரண்டடி நடந்துதான் விழுந்தது. ரத்தம் கறுப்பாகப் பீறிட்டுக் கேமரா வரைக்கும் தெறித்தது. மேளக்காரர்கள் நிறுத்தவே இல்லை, அடித்துக்கொண்டே நின்றார்கள். நான்கு பேர் காலைப் பிடித்து உப்பளத்துப் பக்கமாக இழுத்துப் போனார்கள். ஒருவன் தலையை மயிரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

சுருள் முடிந்தது. வேட்டியில் வெறும் வெளிச்சம்.

"யா அல்லாஹ்..." என்றான் சதக்கத்துல்லா. கருத்தம்மாள் அழவில்லை. வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"தம்பி... பின்னால சுத்துனா எந்திரிப்பாகளா?"

கடலாடிக்காரி சொன்னது அவன் காதில் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று யாரால் சொல்ல முடியும்? நீங்களாயிருந்தாலும் சுற்றியிருப்பீர்கள். அவனும் சுற்றினான். விளக்கு எரிய எரியப் பின்னால் சுற்றினான்.

நான்கு பேர் பின்நடையாக வந்து உடம்பைப் போட்டார்கள். மண்ணில் கிடந்த ரத்தம் எழும்பிக் கழுத்துக்குள் போனது. உடம்பு எழுந்து நின்றது. தலை உருண்டு வந்து, துள்ளி, மேலே ஏறி...

"நிறுத்துங்க! அவுக நிக்கட்டும்!"

பாய்ந்து வந்து கைப்பிடியைப் பிடித்துவிட்டாள். அரைச் சுற்று முன்னாலேயே பிடித்துவிட்டாள். தலை கழுத்து வரைக்கும் வந்திருந்தது, ஒட்டவில்லை. நடுவில் ஒரு விரல் இடைவெளி.

ஓடாமல் நிற்கிற படம் விளக்குச் சூட்டில் பொசுங்கும். கூத்தையாவின் நெஞ்சில் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தது. அது கொப்புளித்தது, ஓட்டை விழுந்தது. டப்பென்று பல்பு வெடித்தது. ஒரே இருட்டு. பொசுங்கின வாடை... அதற்குள்ளே பச்சை ரத்த வாடை... ஈர உப்பின் வாடை...

கட்டியிருந்த வேட்டி சரிந்து விழுந்தது. பிறகு, சரக்... சரக்... உப்பை மிதிக்கிற வெறுங்கால். இவன் காதருகே நின்றது. மூச்சு வந்தது. மூக்கு வழியாக வந்த மூச்சு இல்லை, அதைவிடக் கீழேயிருந்து, நீர்க் கொப்புளத்தோடு. அப்புறம் கதவுப் படல் திறந்தது. காலடி கடலாடிச் சாலைப் பக்கமாகப் போனது.

"வந்துட்டாக..." இருட்டில் கருத்தம்மாள் சிரித்தாள்.

மெஷினையும் சைக்கிளையும் போட்டுவிட்டுச் சதக்கத்துல்லா ஓடினான்.

விடிந்ததும் சேதி வந்தது. கடலாடியில் குடியிருந்த செவ்வூரணிச் சின்னவர் பூஜையறையில் வெட்டுப்பட்டுக் கிடந்தார். முதல் வெட்டு முதுகில். இரண்டாவது கழுத்தில். கிடாயைக் கட்டுகிற மாதிரி அவர் கழுத்தில் ஒரு பழங்கயிறு. பட்டத்து வாள் பக்கத்திலேயே கிடந்தது. அதன் பிடியில் விரல் தடம் இல்லை, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

ஒன்பது நாள் காய்ச்சல் இவனுக்கு. பத்தாம் நாள் மெஷினை எடுத்து வர அலியாரையும் கூட்டிக்கொண்டு பட்டப்பகலில் போனான். வாலிநோக்கம் கடையில் சோடா குடிக்க நின்றார்கள். கருத்தம்மாள் வந்தாள். தலை நிறையப் பூ, முகத்தில் அப்படி ஒரு களை. இவர்களை அவள் கவனிக்கவில்லை.

"அண்ணே, வலை பொத்துற ஊசி ஒண்ணும் தடிச்ச நூலும் குடுங்க."

"நீ என்னைக்கு வலைக்குப் போன கருத்தம்மா?" என்று கடைக்காரர் கேட்டார்.

அவள் வெட்கப்பட்டு முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

"வீட்டுல இருக்குற நூலு தாங்கலண்ணே. அவுக குனிஞ்சு சாப்புடுறப்பல்லாம் தையல் பிரிஞ்சு போகுது."