மிரர்லெஸ்ஸா, சினிமா கேமராவா, டீச்சர்?

…சினிமா கேமரா ஏழு கிலோ, டீச்சர். ஏழு கிலோ! வாய்க்கு வந்தத சொல்லல, பாசார்ல கோழிக்கடத் தராசுல வெச்சே நிறுத்துப் பாத்தேன். பாடி, லென்ஸு, பேட்டரி, மானிட்டரு, தோள்ல மாட்டுற கம்பி… எல்லாஞ்சேத்து ஏழு. கோழிக்கடக்காரன் தலயத் தூக்காமயே 'வெட்டித் தரவா?'ன்னு கேக்கறான். ஒரு கல்யாணம் முடிச்சுட்டு வீட்டுக்குப் போனா இந்தத் தோளு அந்தத் தோளவிட ஒரு விரக்கட எறங்கி நிக்குது. நீங்க என்னடான்னா அத தூக்கி பன்னெண்டு வயசுப் புள்ளைங்க கையில குடுக்கணுங்கறீங்க!

உக்காருங்க. அதுல இல்ல, அது ஆடும். இங்க உக்காருங்க. பஸ்ஸு நாலு மணிக்குத்தான? நிறைய நேரம் இருக்கு. நிபோங் தெபால்லேருந்து கடலத் தாண்டி இந்த சுங்கை பினாங் வரைக்கும் ஒரு கேமராவுக்காக வந்திருக்கீங்க, ரெண்டு வார்த்தையில பதில் சொல்லி அனுப்பினா மரியாதையா இருக்குமா?

ஒங்க தலைமையாசிரியரு சொன்னாரா? பேர்லயே சினிமான்னு இருக்கு, அதனால அதத்தான் வாங்கணும்னு… சரிதான். டீச்சர், ஜவுளிக்கடயில பட்டுன்னு சீட்டு ஒட்டியிருந்தா எல்லாம் பட்டாயிருமா? இல்ல, அவர குத்தம் சொல்லல. எல்லாரும் அப்பிடித்தான் கேக்கறாங்க. புள்ளைங்க குறும்படம் எடுக்கணும், போட்டிக்கு அனுப்பணும், அதான? தோட்டத்துப் பள்ளிக்கூடம், செம்பனை மரத்துக்கு நடுவுல எடுப்பாங்க. ஒரு பக்கம் இருட்டு, ஒரு பக்கம் பளீர்னு வெயிலு. அது ஒரு சிக்கல், அப்பறம் வரேன்.

மொதல்ல மிரர்லெஸ். லேசு. கைக்கு அடக்கம். உள்ளயே ஆட்டத்த அடக்கற சங்கதி இருக்கு, நடந்துக்கிட்டே எடுத்தாலும் படம் குதிக்காது. முகத்தப் பாத்தா அதுவே ஃபோகஸ் புடிச்சுக்கும். ரொம்ப கெட்டிக்காரத்தனம். ஆனா யாரு முகம்னு அதுக்குத் தெரியாதுலா! போன வருஷம் ஒரு கோயில்ல கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் முன்னால நிக்கறாங்க, பின்னால செவுத்துல துவாரபாலகரு. பெரிய கண்ணு, பெரிய மீச. கேமரா அவரப் புடிச்சுக்கிச்சு. ஒம்பது நிமிஷம், டீச்சர். ஒம்பது நிமிஷம் துவாரபாலகரு பளிச்சுன்னு இருக்காரு, பொண்ணு மாப்பிள்ள ரெண்டு பேரும் பொகையா நிக்கறாங்க. வீடியோவ வாங்கிக்கிட்டுப் போன மாமனாரு ஃபோன் பண்ணி, 'தம்பி, சாமிய ரொம்ப அழகா எடுத்திருக்கீங்க'ன்னாரு. நான் நன்றிங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்.

அப்பறம் சூடு. நம்மூரு வெயில்ல நீட்டா ஓட விட்டா அரமணி நேரம் தாங்கறதே பெரிசு. திரையில தெர்மாமீட்டர் படம் வரும். வந்துச்சுன்னா முடிஞ்சிச்சு, அணைஞ்சிரும். ஐயர் மந்திரத்த நிறுத்தி வெப்பாரா? ஒரு தடவ தே ஐஸ், அதான் ஐஸ் போட்ட டீ, பொட்டலமா வாங்கி, துணியில சுத்தி, கேமரா முதுகுல கட்டி எடுத்தேன். கட்டு லூசாயி, டீ வழிஞ்சு, முழங்கையெல்லாம் எறும்பு. சிரிக்காதீங்க. படம் நல்லா வந்துச்சு.

சினிமா கேமராவுக்கு அந்தத் தொல்ல இல்ல. உள்ள காத்தாடி ஓடுது. நாள் முழுக்க ஓட்டினாலும் அணையாது. நல்ல மைக்க நேரா சொருகலாம். வெயிலு ஜாஸ்தியா, ஒரு சக்கரத்தத் திருப்பினா கறுப்புக் கண்ணாடி போட்ட மாதிரி உள்ளயே வெளிச்சம் கொறையும். மிரர்லெஸ்ல அதுக்கு லென்ஸுக்கு முன்னால ஒரு கண்ணாடிய வாங்கி, முறுக்கி, தொலச்சு, மறுபடி வாங்கணும். ஆனா என்கிட்ட இருக்கற சினிமா கேமராவுக்கு ஃபோகஸ்ஸு தானா நிக்காது, கையால திருப்பணும். ஆட்டம் அடங்காது. ஒரு கல்யாணத்துக்கு எடுத்த ஃபைல்ல கம்ப்யூட்டரு நெறஞ்சிரும். பேட்டரி ஒண்ணொண்ணும் செங்கல்லு.

அப்ப எதுக்கு வாங்கினீங்கன்னு கேப்பீங்க. நான் எங்க வாங்கினேன்? அது ஹைதரு கேமரா.

ஹைதர ஒங்களுக்குத் தெரியாது. தஞ்சோங் பக்கத்து ஆளு, சூலியா ஸ்திரீட்டுல அவங்க வாப்பாவுக்குச் சாப்பாட்டுக்கட இருந்துச்சு. பதினோரு வருஷம் என்கூட இருந்தான். கூட்டாளின்னா கூட்டாளி, தம்பின்னா தம்பி. கல்யாணம், காதுகுத்து, நிக்காஹ், தைப்பூசம், எதுன்னாலும் யுகேந்திரன் ஹைதர்னு ஒரே பேரா சொல்லுவாங்க. மூணு வருஷத்துக்கு முந்தி புடிச்சான் பாருங்க ஒரு புடிவாதம். 'அண்ணே, நம்ம ஆளுங்க நெறத்துக்கு சினிமா கேமராதாண்ணே'ங்கறான். ஏண்டான்னு கேட்டா, 'வெள்ள வேட்டிய பாத்து எடுத்தா மாப்பிள்ள முகம் கரியாயிருது, முகத்த பாத்து எடுத்தா வேட்டி சோப்பு விளம்பரமாயிருது. இதுல வெளக்குச் சுடரும் தெரியும், முகத்துல இருக்கற வேர்வையும் தெரியும்'னான்.

நான் ஒரு மாசம் சண்ட போட்டேன். மிரர்லெஸ்ஸே போதும், எவன் பாக்கறான் சுடரன்னேன். அவன் வாங்கிட்டான். மொத படத்த போட்டுக் காட்டினான். சுடரு தெரிஞ்சிச்சு. நெத்தியில குங்குமம் ஒரு நெறம், ரவிக்க ஒரு நெறம், பட்டு ஒரு நெறம், மூணு செவப்பும் மூணு செவப்பா தெரிஞ்சிச்சு. நான், 'பரவால்ல'ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். இப்ப நெனச்சா இன்னும் ரெண்டு வார்த்த சொல்லியிருக்கலாம்.

என்ன கேட்டீங்க? ஓடுதா இல்லயான்னு எப்பிடித் தெரியுமா? கேமராவுல படம் பதிவாகுதான்னு?

…தெரியும் தெரியும். அதெல்லாம் தெரியும். மிரர்லெஸ்ல திரையச் சுத்தி செவப்புக் கோடு வரும். புள்ளைங்களுக்குக்கூட வெளங்கும். சினிமா கேமராவுல பட்டன் பக்கத்துல செவப்பு லைட்டு எரியும், மானிட்டர்லயும் எழுத்து வரும். தண்ணி குடிக்கறீங்களா? வெயில்ல வந்திருக்கீங்க. இந்த ஃபேன் ஒரு பக்கமாத்தான் காத்து அடிக்கும்… ரமணி எப்பவும் சொல்லுவா, என் சம்சாரம், மாத்துங்க மாத்துங்கன்னு…

எரியும், டீச்சர். லைட்டு எரியும். மேல கறுப்பு டேப்பு ஒட்டினா எப்பிடித் தெரியும்?

நான்தான் ஒட்டினேன். செவப்பா எரிஞ்சா ஆளுங்க கேமராவையே மொறச்சுப் பாக்கறாங்கன்னு ஒட்டினேன். மானிட்டர்ல எழுத்து படத்த மறைக்குதுன்னு அதையும் அணைச்சு வெச்சேன். ஹைதரு வேணாண்ணேன்னான். 'பதினெட்டு வருஷமா கேமரா புடிக்கறேன், எனக்கு எழுத்து வேணுமா'ன்னு கேட்டேன்.

போன தை மாசம். சிம்பாங் அம்பாட்ல அர்ஜுனன் அண்ணன் மக பிரமிளா கல்யாணம். அர்ஜுனன் அண்ணன் நல்ல மனுசன், ஃபேக்டரியில சூப்பர்வைசரு, ஒரே மக, தாயில்லாத புள்ள. ஹைதரு சொன்னான், 'அண்ணே, தாலிய நான் சினிமா கேமராவுல எடுக்கறேன், அதுல ஒங்களுக்குக் கை இன்னும் பழகல'ன்னு. ரோசம் வந்திருச்சு. 'தாலிய நான் எடுக்கறேன், நீ மிரர்லெஸ்ஸ வெச்சுக்கிட்டு பொண்ணோட அப்பா முகத்த எடு, போ'ன்னேன். போனான். அவன் எதுத்துப் பேச மாட்டான்.

அந்தப் பட்டன் ஒரு தடவ அமுக்கினா ஓடும், மறுபடி அமுக்கினா நிக்கும். காலையில எப்பவோ தெரியாம கை பட்டிருக்கு. அங்கேருந்து எல்லாம் தலைகீழு. நான் எடுக்கறேன்னு நெனச்சு அமுக்கறப்பல்லாம் நிக்குது. நிறுத்திட்டேன்னு கீழ தொங்க விட்டா ஓடுது. மாலை மாத்தறாங்க, ஓடல. தார வாக்கறாங்க, ஓடல. கெட்டி மேளம்னு சொல்றாங்க, நான் ஒரு கண்ண மூடிக்கிட்டு, மூச்ச அடக்கிக்கிட்டு, அவ்வளவு அழகா ஃபோகஸ் புடிச்சு வெச்சிருக்கேன்… உள்ள கொசோங், டீச்சர். ஒண்ணுமே இல்ல.

மறுநாளு ஹைதருதான் கம்ப்யூட்டர்ல போட்டான். நாப்பத்தோரு துண்டு. எல்லாத்துலயும் தரை. மண்டபத்துத் தரை, என் கால்விரலு, யாரோ கொட்டின பாயாசம், மறுபடி என் கால்விரலு. சத்தம் மட்டும் துல்லியமா இருக்கு, நல்ல மைக்கு பாருங்க. சத்தம் என்ன சத்தம்னா, நான். 'இந்தப் பொட்டிய வாங்கிட்டு வந்து என் தோள வாங்கிட்டான், இவனுக்கு என்ன தெரியும், என்னால பொழைக்கறவன்…' எல்லாம் நான் பேசினது. யாருகிட்ட பேசினேன்னு ஞாபகம் இல்ல. யாரு கேட்டாலும் பேசுவேன், தெரியுமே ஒங்களுக்கு.

அவன் காதுல மாட்டிக்கிட்டு நாப்பத்தொண்ணையும் கேட்டான். பாதியில எந்திரிக்கல. முடிச்சுட்டு, கழட்டி வெச்சுட்டு, 'அண்ணே, டீ குடிக்கலாமா?'ன்னான்.

அதுக்கடுத்த நாளு ரெண்டு பேரும் அர்ஜுனன் அண்ணன் வீட்டுக்குப் போனோம். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவன் சொல்லிட்டான். 'என் கேமராதாண்ணே, கோளாறாயிருச்சு. நான்தான் முன்னாடியே பாத்திருக்கணும்'னான். அர்ஜுனன் அண்ணன் திட்டல. அந்தப் பொண்ணு பிரமிளாதான் கேட்டுச்சு. 'ஒரு செகண்டுகூட இல்லையாண்ணே?'ன்னு, அவனப் பாத்து. நான் பக்கத்துல நிக்கறேன். இல்லம்மான்னு தலைய ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. தலைய ஆட்டினேன்.

வெளிய வந்ததும் ஏண்டா இப்பிடின்னு கேட்டேன். 'கோயில் ஆளுங்கல்லாம் ஒங்க பேர வெச்சுத்தாண்ணே கூப்புடறாங்க. அது போனா ரெண்டு பேருக்கும் போச்சு'ன்னான். கணக்கு சரிதான். ஆனா அது பரவிருச்சு, டீச்சர். ஹைதர கூப்புடாதீங்க, தாலிய விட்டுட்டான்னு. என்னக் கூப்புடறவங்க, 'நீங்க மட்டும் வாங்க'ங்கறாங்க. நானும் போறேன். இப்ப அவன் ஃபேக்டரியில ஷிஃப்டு பாக்கறான். கேமராவ இங்கயே விட்டுட்டான். அவன் சம்சாரம் ஷரீஃபா பாசார்ல என்னப் பாத்தா இப்பவும் நல்லாருக்கீங்களாண்ணேன்னு கேக்குது. ஹைதரு அதுகிட்ட ஒண்ணும் சொல்லல போல. ரமணிக்கும் தெரியாது. மொத ஆளா ஒங்ககிட்ட சொல்றேன். நீங்க கேமரா வெல கேக்க வந்தவங்க.

எட்டு மாசமா வர்றவன் போறவன்கிட்டல்லாம் இந்தக் கேமரா சரியில்ல, சரியில்லன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். அதுக்கு ஒண்ணுமில்ல. நல்ல கேமரா.

நீங்க மிரர்லெஸ் வாங்குங்க. புள்ளைங்களுக்கு அது போதும். செவப்புக் கோடு தெரியறதா பாத்து வாங்குங்க. செம்பனை நெழல்ல எப்பிடி எடுக்கறதுன்னு கத்துக்குடுக்க ஆளு வேணும்னீங்களே, அதுக்கு நான் வேணாம். ஹைதரு நம்பர எழுதித் தரேன். அவன் பொறுமையா சொல்லித் தருவான். எனக்கே சொல்லித் தந்தான், நான்தான் கேக்கல.

மணி மூணே முக்காலா? அடடா… நாலு மணி பஸ்ஸ இனிப் புடிக்க முடியாது, இங்கேருந்து ஜாமு வேற. இருங்க, என் காடி இருக்கு, நானே ஓட்டிட்டுப் போய் விடறேன். ரெண்டாவது பாலத்துல போனா வழியிலதான் சிம்பாங் அம்பாட். ஒரு அஞ்சு நிமிஷம் அர்ஜுனன் அண்ணன் வீட்டுல நிறுத்தறேன். இன்னைக்கி சனிக்கிழம, பிரமிளாவும் வந்திருக்கும். அந்த நாப்பத்தோரு துண்டையும் அழிக்கல, இந்தா, இந்த டிஸ்க்குல இருக்கு. போட்டுக் காட்டிட்டு வந்திர்றேன்.

நீங்க ஒண்ணும் பேச வேணாம், டீச்சர். சும்மா பக்கத்துல உக்காந்திருந்தா போதும். தனியாப் போனா நான் திரும்பவும் தலைய ஆட்டிட்டு வந்துருவேன், என்ன எனக்குத் தெரியும்.

வாங்க. அந்தக் கதவு தொறக்காது, இந்தப் பக்கமா ஏறுங்க.