ஒத்தக் கொரலு வின்ச்சு

இல்ல ஏட்டையா, கையெழுத்து போட மாட்டேன்னா சொன்னேன்? பத்து நிமிசம் பேசவுடு, அப்பாலிக்கா எங்க சொல்றியோ அங்க போடுறேன். ஆமா, அடிபட்ட ஜேசுராஜு என் மாமா தான். நேத்து இங்க அழுதுகினே கம்ப்ளைன்ட் குடுத்துச்சே செலினு, அது எங்க அக்கா. எப்டி அழுதுச்சு? ஐயா, அந்த நாகப்பன் என் குடியக் கெடுத்துட்டான்யா, உள்ள தூக்கிப் போடுங்கய்யா... சாரி சார். வாய் சும்மா இருக்காது எனுக்கு. யார் கொரலா இருந்தாலும் மூணு நாளு கேட்டா போதும், வந்து ஒட்டிக்கும். எங்க பங்குச் சாமியாரு, ஐயப்பன்தாங்கல் பஸ்ஸு கண்டக்டரு, உள்ள போ, உள்ள போ, படில இன்னா உங்க மாமியா ஊடா... உன் கொரலும் பாதி வந்துடுச்சு சார். வேணாம், உட்டுடு.

விசயத்துக்கு வரேன். போன மழைல திருமுல்லைவாயில்ல எங்க லைன் ஊடுங்க பூரா முங்கிடுச்சு. ரெண்டு நாளு மொட்ட மாடில குந்திகினு இருந்தோம், ஒரு நாயி எட்டிப் பாக்கல. அடுத்த மழைக்கு நம்மாண்ட ஒரு போட்டு, சின்னப் படகாவது, இருக்கணும்டான்னு மாமா அப்பவே சொல்லிட்டாரு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல வெல்டரு அவரு. நாகப்பண்ணன் அதே கம்பெனில கிரேன் ஓட்டுறாரு. பன்னெண்டு வருசமா ஒருத்தர் டிபன் பாக்ஸ இன்னொருத்தர் காலி பண்ணிகினு கீறாங்கோ. ரெண்டு பேருமா சேந்து ப்ளைவுட்ல போட்டும் அடிச்சாங்கோ, ஸ்கூட்டர் சக்கரத்துல டிரெய்லரும் செஞ்சாங்கோ. பேஜாரு இன்னான்னா அத்த தண்ணில எறக்குறது. டிரெய்லர தண்ணி வரிக்கும் தள்ளினா சேத்துல பூந்துக்குது. எட்டு ஆளு வேணும். வெள்ளத்துல எட்டு ஆளுக்கு எங்க போவ?

அதுக்கோசரம் தான் மாமா அந்த வின்ச்ச செஞ்சாரு. காயலாங்கடைல சைக்கிள் பல்சக்கரம், ஒரு இரும்பு பைப்பு. டிரெய்லர் முன்னாடி மாட்டிட்டாரு. போட்டுல கட்டின கயிறு பைப்புல சுத்திக்கும், பல்லுல ஒரு இரும்பு நாக்கு விழுந்து புடிச்சிக்கும். போட்டுக்கு அடில பிவிசி பைப்ப அறுத்து உருளை. கரைச் சரிவுல நிறுத்திட்டு நாக்க தூக்கினா போட்டு தானா உருண்டு தண்ணிக்குப் போவும். ரெண்டே ஆளு. சோக்கா இல்ல?

ஒரே கொறை, வின்ச்சாண்ட நிக்கிறவருக்கு தண்ணிப் பக்கம் தெரியாது. போட்டு மறைச்சிக்கும். அதுக்கு நாகப்பண்ணன் தான் வழி சொன்னாரு. கேளு, இது அவரு கொரலு: தோ பாரு ஜேசு, கிரேன்ல எப்டியோ இங்கயும் அப்டி. நீ ஒருத்தன் தான் கொரலு குடுக்கணும். ஊரே கத்தினாலும் என் கை அசையாது. நீ உடுன்னா உடுவேன், புடின்னா புடிப்பேன்.

ஞாயித்துக்கெழமை பூசை முடிச்சிட்டு ஏரிக்குப் போனோம். நாலு வாட்டி எறக்கி ஏத்தியாச்சு. அஞ்சாவது வாட்டி ஒரு உருளை கோணிக்கிச்சு. மாமா பின்னாடி போயி குனிஞ்சு அத்த நேராக்கிகினு இருந்தாரு. நாக்கு தூக்கிடுச்சு சார். போட்டு சர்ருனு வந்து, முட்டிக்குக் கீழ... எலும்பு சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தம் மட்டும் எனுக்கு வரவே மாட்டேங்குது. கால் நிக்குமா எடுக்கணுமான்னு வர திங்கக்கெழமை தான் சொல்லுவாங்களாம்.

மாமா சொல்றாரு, நான் வாயே தொறக்கலன்னு. நாகப்பண்ணன் சொல்றாரு, ஜேசு கொரலு தான், ரெண்டு காதாலயும் கேட்டேன்னு. அக்கா சொல்லுது, போட்டுக்கு எம்பேரா அவன் பொண்டாட்டி ராஜம்மா பேரான்னு சண்ட, அந்தக் கடுப்புல உட்டுட்டான்னு. நீயும் அப்டியே எழுதிகினு, யாரும் கொரலு குடுக்கலன்னு என்னாண்ட கையெழுத்து கேக்குற.

ரெண்டு பேருமே நெசத்தத் தான் சொல்றாங்கோ சார்.

எப்டியா? நான் முன்பக்கம் கரை மேல குந்திகினு கல்லு பொறுக்கிப் போட்டுகினு இருந்தேன். போர் அடிச்சுது. மாமா எங்கயோ கை கழுவுறாருன்னு நெனச்சிட்டேன், சத்தியமா. காலி போட்டு பாட்டுக்கு ஏரில போவும், மாமா லுங்கிய மடிச்சிகினு பின்னாடியே ஓடுவாரு, ஒரு வாரம் சிரிக்கலாம்னு... 

ஒண்ணு பண்ணு சார். ஞாயித்துக்கெழமைலேந்து சோறு தின்னாம, அதோ அந்த பெஞ்சுல தலைய தொங்கப் போட்டுகினு குந்தியிருக்காரே நாகப்பண்ணன், அவர மட்டும் பாரு. என்னப் பாக்காத.

நாகப்பா! உடு!

பாத்தியா, கை தன்னால மேல போயிடுச்சு. எழுந்து வாசலாண்ட யாரத் தேடுறாரு தெரியுதா? மாமா நடந்து வந்துட்டாருன்னு நெனச்சிகினாரு.

பேப்பர குடு சார். நாகப்பண்ணன் பேர அடிச்சிடு. எம்பேரு முழுசா ஆரோக்கியசாமி.